அம்பாசடருக்கு டீசல் எஞ்சின்

ஆவணி 20, சனி

காலையிலிருந்து தூறல். எஞ்சின் இறக்கியாகிவிட்டது. ரஹீம் பாய் ஷெட்டில் செயின் பிளாக்கில் தொங்குகிறது, கசாப்புக் கடை ஆடு மாதிரி. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தரை தெரிந்தது.

செய்யப்போவது:
டீசல் எஞ்சின். பாய் சேலத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார்.
பெரிய ரேடியேட்டர்.
பிரேக்குக்கு பூஸ்டர்.
பின் ஸ்பிரிங் பட்டையில் இன்னொரு தகடு.
சைலன்சருக்குப் பதில் உள்ளே தடுப்பு இல்லாத நேர் பைப். புகை சுலபமாக வெளியேறினால் இழுவை கூடுமாம்.
முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு, மலைப் பனிக்கு.

எல்லாம் ஆடி மாதம் நடந்ததற்காக. கரியாலூர் ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், வண்டி கொதித்து நின்றது. நின்றதோடு விடாமல் பின்னுக்கு உருண்டது. பின் சீட்டில் ஒரு குடும்பம். யாரோ இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் உருளுகிறது. ஸ்டாண்டில் மலைச் சவாரி வந்தால் மற்றவர்களைக் கைகாட்டி விடுகிறேன். கள்ளக்குறிச்சியில் மலைக்குப் போகாத டாக்சிக்காரன் எதைச் சாப்பிடுவது? மல்லிகாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் பயத்தைச் சொன்னால் அது இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

மத்தியானம் தம்பி சேகர் வந்தான், ஊரிலிருந்து சைக்கிளில், வறுத்துத் தின்ன ஒரு மூட்டை மல்லாட்டையோடு. தொங்குகிற எஞ்சினை ஒரு சுற்று சுற்றினான்.

“இன்னாண்ணா, ஓடிக்கினு இருந்த வண்டிய அறுத்துப் போட்டுக்கினு நிக்கற?”

“மலை ஏற வேணாமாடா?”

“ரோடே இருக்காது. மறியல் வருது, தெரியுமில்ல? மரத்த சாச்சிப் போட்டா ஒன் டீசலு பறந்தா போவும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இட ஒதுக்கீட்டுக் கூட்டம் எங்கே நடந்தாலும் சேகர் அங்கே இருக்கிறான். பிளஸ் டூ முடித்து வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டுச் சலித்து, இப்போது கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறான். அவன் கோபம் நியாயம்தான். முன்வரிசையில் நிற்கிறானே என்பதுதான் என் பயம். வாயைத் திறந்தால் “நீ பொறக்கும்போதே பயந்துக்கினுதான் பொறந்தன்னு அம்மா சொல்லும்” என்பான்.

சாயங்காலம் மழை விட்டது. அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி அவனிடம் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன்.

ஆவணி 22, திங்கள்

வெயில். எஞ்சின் வந்து இறங்கியது. பழசைவிட ஒரு மடங்கு பருமன். பார்த்ததும் இது உள்ளே போகாது என்றேன். போகவில்லை.

பாய் அசரவில்லை. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு கேஸ் கட்டரை எடுத்தார். வெளியே போய் டீ குடித்தேன். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. திரும்பி வந்தபோது சட்டத்தில் ஒரு பெரிய துண்டு இல்லை.

“பாய், வளைவுல திரும்பும்போது ரெண்டா மடிஞ்சிடாதே?”

“மடியாது. ஒன்னும் பயப்படாத. தகடு வச்சி கட்டிக் குடுக்கறேன். ஆயுசுக்கும் நிக்கும்.”

யாருடைய ஆயுசுக்கு என்று கேட்கவில்லை.

எஞ்சின் எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டேன். “கவர்மெண்டு வண்டிப்பா. ஏலத்துல வந்தது. நல்லா பாத்துக்கினு இருந்திருக்கானுங்க” என்றார். ஒரு நிம்மதி. அரசாங்க வண்டி என்றால் ஆயில் ஒழுங்காக மாற்றியிருப்பார்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும். அதற்குத் தனிப் பயம்.

ஆவணி 25, வியாழன்

ஸ்டார்ட் ஆனது! ஷெட் முழுக்கப் புகை. பாய் கையைத் தட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே எடுத்தேன்.

ஆக்சிலேட்டரைத் தொட்டால் முதுகு சீட்டில் ஒட்டுகிறது. பழைய வண்டிக்குக் கெஞ்ச வேண்டும், இதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பூஸ்டரும் அப்படித்தான். வழக்கம்போல் மிதித்தேன், நெற்றி கண்ணாடியில் மோதப் பார்த்தது. மூக்கு கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்கிறது, எஞ்சின் கனத்தில். ஸ்டியரிங் கல். சந்தோஷம்தான். சந்தோஷத்திலும் உள்ளங்கை வேர்த்தபடியே இருந்தது.

சத்தம்தான். தெரு முனையில் திரும்பும்போதே மல்லிகா வாசலுக்கு வந்துவிட்டாள், காதைப் பொத்திக்கொண்டு.

“இன்னாங்க இது, அரிசி மிஷினா? அலமாரில டம்ளரெல்லாம் ஆடுது. வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கினு வந்திருக்கீங்க.”

நேர் பைப் அப்படித்தான் என்றேன். மலையில் நல்லது என்றேன். முறைத்தாள். ராத்திரி ரசம், அப்பளம்.

ஆவணி 27, சனி

முதல் மலைச் சவாரி. கடுக்காய் மண்டிக்காரர் ஒருவர். கரியாலூரில் அவருக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. வானம் மூட்டம், மழை இல்லை.

கோமுகி அணை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் முருகா முருகா என்று உள்ளுக்குள். அந்த வளைவு வந்தது. இரண்டாவது கியர். வண்டி நிற்கவே இல்லை. சூடு காட்டும் ஊசி கொதிநிலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேலே போய் நிறுத்தி இறங்கியதும் அழுகை வந்தது. மண்டிக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் நின்றேன். அவர் நல்ல மாதிரி. “என்ன உதவின்னாலும் நம்ம கெடங்கு இருக்கு, வாங்க” என்றார், சும்மா பேச்சுக்கு.

இறங்கும்போது பனி. மஞ்சள் விளக்கு போட்டேன். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு மதகு. அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வளைவைத் திரும்பிய மாத்திரத்தில் ஒருத்தரும் இல்லை. பக்கத்துப் பயிர்க் கொல்லைக்குள் குதித்து ஓடினார்கள். மதகின்மேல் ஒற்றைச் செருப்பு கிடந்தது, எரிகிற பீடி ஒன்றும்.

மண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்து யாரோ ஓடுகிறார்கள்.

ஆவணி 28, ஞாயிறு

ஸ்டாண்டில் சவாரி கம்மி. மறியல் பேச்சுத்தான் எங்கும். வருகிற வியாழன் என்கிறார்கள். மரம் வெட்ட ஆள் பிரித்தாகிவிட்டதாம். போலீஸ் முன்கூட்டியே ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பிடித்து ஏற்றுகிறதாம்.

ஆரோக்கியசாமி என் பக்கத்து வண்டிக்காரர். மாதா படமும் பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்த வண்டி. மதகுக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“ரவி, ஒன் வண்டி தூரத்துல வரும்போது நானே போலீசு வேனுன்னுதான் எழுந்து நிக்கறேன். அதே அடி, அதே கரகரப்பு. பசங்க ஓடாம இன்னா செய்வானுங்க?”

நேராகப் பாயிடம் போனேன். பாய் துணியில் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போலீசு வேன்லேந்து எடுத்ததுதான். அதுக்கின்னா இப்ப? எஞ்சினு காக்கி சட்டயா போட்டுக்கினு இருக்குது?”

சைலன்சராவது பழையபடி மாற்றுங்கள் என்றேன். இந்த எஞ்சினுக்குப் பொருந்துகிற சைலன்சர் சேலத்திலிருந்து வர வேண்டுமாம். மறியல் முடியட்டும் என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இத்தனை நாள் அரண்டவன் நான். இப்போது பேயும் நானா?

ஆவணி 30, செவ்வாய்

புழுக்கம். திருநாவலூர் கோயிலுக்கு ஒரு சவாரி, வயசான புருஷன் பெண்டாட்டி. போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது ஒரு ஊர் எல்லையில் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து கல். பின் கண்ணாடி நொறுங்கி அந்த அம்மாள் மடியில் கொட்டியது. நான் நிறுத்தவில்லை. மிதித்தேன். அந்த எஞ்சின் என்ன இழுவை இழுக்கிறது! அந்த நிமிடம் அதைக் கும்பிட்டேன். அவர்களை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு பின் சீட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

ஆரோக்கியசாமி யோசனை சொன்னார். முன்னால் வேப்பிலைக் கொத்து கட்டு. நோயாளி வண்டி, அம்மன் வண்டி என்றால் மறியல்காரன்கூட விடுவான்.

“நானு மாதாவையும் வச்சிக்கினு வேப்பிலையும் கட்டிக்கினு போறேன். எந்த சாமி காப்பாத்துனாலும் சரி.”

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

சேகர் இன்னும் எஞ்சின் மாற்றின வண்டியைப் பார்க்கவில்லை. ஊர்ப் பக்கம் போகவே நேரமில்லை. சொல்லி அனுப்பலாமா, கொஞ்ச நாள் மண்டிக்காரர் கிடங்கில் போய் இருடா என்று? கேட்க மாட்டான்.

புரட்டாசி 1, வியாழன்

மறியல். விடியும்போதே கோடாரிச் சத்தம் கேட்டதாக மல்லிகா சொல்கிறாள். சேலம் ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடக்கின்றன. பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. கடைகள் அரைக் கதவு.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தெருவில் ஒரு வேன் போகும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். ஒரு தடவை, சத்தம் கேட்டு, யாரோ என் வண்டியை எடுத்துப் போகிறான் என்று வாசலுக்கு ஓடினேன். போலீஸ் வேன். அந்த அளவுக்கு ஒரே சத்தம்.

எங்கேயோ சுட்டார்களாம். யார், எத்தனை பேர், ஒன்றும் தெரியவில்லை. ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். மல்லிகா தையல் மிஷினில் உட்கார்ந்து பழைய தலையணை உறைகளைத் தைக்கிறாள். கிழியாததையும் தைக்கிறாள்.

புரட்டாசி 2, வெள்ளி

அம்மா நடந்தே வந்துவிட்டாள். ஊரிலிருந்து வயல் வழியாக, வாய்க்கால் வழியாக. இரண்டு பாதமும் கொப்புளம். தண்ணீர் குடிக்கக்கூட உட்காரவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் போலீஸ் ஊருக்குள் வந்திருக்கிறது. கண்ணில் பட்ட பையன்களையெல்லாம் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். சேகர் ஓடிவிட்டான். ராத்திரி வரவில்லை. காலையிலும் வரவில்லை.

“கரும்புக் கொல்லைக்குள்ளதான் எங்கியோ இருக்கறான். வாயில ஒரு வாய் சோறு போவல. அடிச்சிக் கொன்னுடுவானுங்கடா ரவி. போயி இட்டுனு வாடா.”

சரி என்றேன். உடனே சொன்னேன், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோன்றியது. அவன் போலீஸ் கையில் கிடைத்தால்? வழியில் கூட்டம் என்னைப் பிடித்தால்? போலீஸ் என்னையே பிடித்தால்?

திட்டம்: ஏரிக்கரை வழியாகச் சுற்றினால் வெட்டின மரங்களைத் தவிர்க்கலாம். அவனைக் கண்டுபிடித்துப் பின் சீட்டுக்குக் கீழே படுக்க வைத்து, நேராக மலை. கரியாலூர்க் கிடங்கில் விட்டுவிட்டால் இந்தக் கலவரம் அடங்கும்வரை யாரும் தேட மாட்டார்கள். இந்த எஞ்சின் இருக்கிறது. நிற்காமல் ஏறிவிடுவேன்.

“சைக்கிள்ள போயேன்டா. வரப்பு மேலயே போயிடலாம்” என்றாள் அம்மா. காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் மலைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன். அது உண்மைதான். இன்னொரு உண்மையும் உண்டு. நாலு கதவையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால்தான் எனக்குத் தைரியம்.

புரட்டாசி 3, சனி

முதல் சனிக்கிழமை. நாமம் போட்டுச் சொம்பு ஏந்தி வருகிற பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. மல்லிகா நெற்றியில் திருநீறு வைத்துவிட்டாள், பெருமாள் கிழமை என்பதையும் மறந்து.

வேப்பிலை பெரிய கொத்தாக. பானெட்டில் இரண்டு, கண்ணாடியில் ஒன்று, பின்னால் ஒன்று. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

ஏரிக்கரை வழி திறந்துதான் இருந்தது. ஒரு இடத்தில் நாலு பேர் கட்டையோடு வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்தார்கள், வழிவிட்டார்கள். ஆரோக்கியசாமிக்கு ஒரு கும்பிடு.

ஊரில் ஆம்பிளைகளே இல்லை. பக்கத்து வீட்டு அலமேலு அக்கா கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, என் முகம் தெரிந்த பிறகுதான் வெளியே வந்தது. “ஐயோ, நீயாடா. உசிரே போச்சி.” எல்லாரும் வாய்க்கால் அந்தப் பக்கக் கரும்பில் இருக்கலாம் என்றது.

வாய்க்கால் மேட்டில் வண்டி போகிற அளவுக்குத் தடம். இரண்டு பக்கமும் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல். முதல் கியரில் போனேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்துவேன், கண்ணாடியை இறக்கி “சேகர், சேகர்” என்று கூப்பிடுவேன். இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம். குரல் எனக்கே பிடிக்கவில்லை, அடைத்துக்கொண்டு வந்தது.

காற்றில்லை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

கிணற்று மேட்டுப் பக்கம் கரும்புக்குள் சலசலவென்று என்னமோ ஓடியது. வேகமாக. கரும்பு அசைகிறது தெரிந்தது. காட்டுப் பன்றி! போன வருடம் ஒருத்தர் தொடையைக் கிழித்த பன்றி ஞாபகம் வந்தது. ஆட்களாகவும் இருக்கலாம், கட்டையோடு. இரண்டில் எது என்றாலும் எனக்கு வேண்டாம். ஹாரனை நீளமாக அழுத்தினேன். ஆக்சிலேட்டரை அழுத்தி எஞ்சினை உறும விட்டேன். அது விலகி ஓடியது. பிறகு நிசப்தம்.

இன்னும் ஒரு தடவை கூப்பிட்டேன். பிறகு வண்டியை ரிவர்சிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் எல்லா இடமும் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவேளை அவனே நடந்து மலைக்குப் போயிருப்பான். கெட்டிக்காரன். போயிருப்பான்.

புரட்டாசி 4, ஞாயிறு

எழுதி முடித்துவிட வேண்டும்.

காலையில் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்றாள். அவன் வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்றாள். வண்டியில் கூட்டிப் போனேன். ஊரில் யாரும் இல்லை. எல்லாரும் கிணற்று மேட்டில். வண்டியை வாய்க்கால் மேட்டிலேயே விட்டுவிட்டு ஓடினோம். அம்மா அந்தப் பாதத்தோடு எனக்கு முன்னால் ஓடினாள்.

புல் அறுக்கப் போன அலமேலு அக்காதான் முனகல் கேட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. விளிம்பு வரை கரும்பு. பம்ப்செட் பைப்பைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் சேகர். கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கினார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம். உயிர் இருந்தது. உயிர் இருந்தது.

கட்டிலைக் கீழே வைத்ததும் என் கையைப் பிடித்தான்.

“ஒன்ன அடிச்சானுங்களாண்ணா?”

“யாருடா?”

“நேத்து போலீசு வேன் வந்திச்சி. நின்னு நின்னு வந்திச்சி. ஒன் கொரலு கேட்டுது. ஒன்னப் புடிச்சி ஏத்திக்கினு, அடிச்சிக் கூப்புட வைக்கறானுங்கன்னு நெனச்சேன். அவ்ளோ பயந்துக்கினு கூப்ட்ட. நான் வெளிய வந்தா ஒன்ன வுட்டுடுவானுங்களோன்னுகூட நெனச்சேண்ணா. அதுக்குள்ள ஹாரன் அடிச்சானுங்க. ஓடிட்டேன்.”

விழுந்த பிறகு ஏன்டா கத்தவில்லை என்று யாரோ கேட்டார்கள். கத்தினால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தானாம். ராத்திரி முழுக்க.

“ஒன்ன எங்க அடிச்சானுங்க? காட்டு” என்று என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

சுற்றி நின்றவர்கள் யாருக்கும் ஒன்றும் புரிந்த மாதிரி இல்லை.

மாட்டு வண்டி கட்டலாம் என்றேன். “இன்னா ரவி, காரை வச்சிக்கினு மாட்டு வண்டின்றே?” என்று சத்தம் போட்டார்கள். அம்மா என் முதுகில் அடித்தாள். “புள்ள சாவுறான், காரை எட்றா.”

பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அம்மா மடியில் தலை. கண்ணை மூடியிருந்தான். வேப்பிலை வாடிச் சுருண்டு பானெட்டில் தொங்கியது. சாவியைப் போட்டேன். தள்ளிக்கொண்டே போக முடியுமா என்றுகூட யோசித்தேன். ஸ்டார்ட் பண்ணினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது. எஞ்சின் அடிக்க அடிக்க, உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. எழுந்து ஓடப் பார்த்தான், கால் விடவில்லை. பிறகு அடங்கினான். கூரையைப் பார்த்தான். வேப்பிலையைப் பார்த்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“நீதானாண்ணா?” என்றான்.

“அண்ணந்தான்டா, வேற யாரு?” என்றாள் அம்மா, அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு. “பயப்படாத.”